படிப்பு சரி, பணியிடம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் ‘உலகளாவிய பொது சுகாதாரம்’ என்ற முதுகலைப் படிப்பைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். கொரோனாவுக்குப் பிறகு இந்தப் படிப்புக்கு உலகமெங்கும் கிராக்கி, பிரிட்டனில் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம், உலக சுகாதார நிறுவனம் முதல் ஐ.நா. வரை கதவு திறந்திருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழேயே அரைப் பக்கத்துக்கு, மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கன்சல்டன்சியின் விளம்பரம். கட்டுரை எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்று சத்தியமாக எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முன்பாதியை வெட்டுங்கள், பின்பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

நான் காந்திகிராமத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பு படித்துவிட்டு, சுகாதார ஆய்வாளராக வாடிப்பட்டி, சேடபட்டி, மேலூர் பக்கமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் எங்களுக்கு ‘கொசு மருந்துக்காரர்’ என்றுதான் பெயர், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. என் அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். இந்தப் படிப்புக்குப் பிரிட்டன் போக வேண்டும் என்று அவள் சொன்னதில் இருந்து வீட்டில் பஞ்சாயத்து ஓய்ந்தபாடில்லை. ‘நம்ம துறைதானே, நீயே விசாரிச்சுச் சொல்லுப்பா’ என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டார். விசாரித்ததில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெயரில் ‘ஹெல்த்’ இருப்பதால் இதை முடித்தால் டாக்டர் ஆகிவிடலாம், அல்லது டாக்டருக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்று நம்பும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். இதைப் படித்து யாருக்கும் ஊசி போட முடியாது, மருந்து எழுத முடியாது. ஒரு தெருவில் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுவார்கள். அந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் வந்தது, அடுத்த தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிற வேலைதான் பொது சுகாதாரம். 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை விசாரித்துக் குறித்து, ஏறக்குறைய எல்லாரும் ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று கண்டுபிடித்து, அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். எந்த நாட்டில் இந்தப் படிப்பைப் படித்தாலும் முதல் வாரத்துப் பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

நாங்கள் இங்கே செய்ததும் அதுதான், ஆனால் எங்களை யாரும் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தால் மேல்நிலைத் தொட்டியில் தொடங்கி கடைக்கோடி வீட்டுக் குழாய் வரை தண்ணீர் பிடித்து, குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் குழாயில் ஊற்றி, ஆர்த்தோடாலிடின் என்ற ரசாயனத்தைச் சொட்டுவிட்டு மஞ்சள் ஏறுகிறதா என்று பார்ப்போம். கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தொட்டியடியில் நல்ல மஞ்சள், நடுத்தெருவில் வெளிர் மஞ்சள், கடைசித் தெருவில் நிறமே ஏறாமல் நின்றது என்றால் நடுவில் எங்கேயோ சாக்கடைக்குள் குழாய் உடைந்து கிடக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். முக்கால்வாசி நேரம், புது இணைப்புக்காக யாரோ தோண்டிவிட்டு அரைகுறையாக மூடிய இடமாகத்தான் இருக்கும்.

எங்களிடம் இல்லாதது கணக்கைப் பிரித்துப் பார்க்கிற படிப்பு. தினமும் காய்ச்சல் கணக்கு மேலே போகும், மேலே போனது கீழே வராது. சும்மா உதாரணத்துக்குச் சொல்கிறேன், ஒரு துணை சுகாதார நிலையப் பகுதியில் 40 பேருக்குக் காய்ச்சல், பக்கத்துப் பகுதியில் 20 பேருக்கு என்றால் புகை மருந்து அடிக்கிற வண்டி 40 இருக்கிற இடத்துக்குத்தான் ஓடும். அங்கே மக்கள்தொகை 8,000, இங்கே 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் அங்கே 5, இங்கே 10. அதாவது வண்டி தப்பான ஊருக்குப் போயிருக்கிறது. டெங்குக் கொசுவிலும் இதே கதைதான். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்பது ஒரு கணக்கு, நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்பது இன்னொரு கணக்கு, இதற்கு பிரிட்டோ குறியீடு என்று பெயர். ஒரே வீட்டுக் கொல்லையில் ஆட்டுரல், பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என நாலிலும் புழு நெளிந்தால் முதல் கணக்கில் அது 1, இரண்டாவதில் 4. எதை எப்போது நம்புவது என்று சொல்லித்தருவதுதான் தொற்றுநோயியல். அதோடு புள்ளியியல், சுகாதாரப் பொருளாதாரம், கொள்கை, கள ஆய்வு, கடைசியில் ஒரு ஆய்வேடு. சுருக்கமாக இவ்வளவுதான் பாடத்திட்டம், நல்ல படிப்புதான். இதைப் படித்தவர் ஒருவராவது எங்கள் வட்டாரத்தில் இருந்திருந்தால் எத்தனையோ வீண் அலைச்சல் குறைந்திருக்கும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். படிப்போடு எனக்குச் சண்டை கிடையாது.

அப்புறம் அந்த ‘உலகளாவிய’ என்ற சொல். என்னவோ அது லண்டனிலும் ஜெனீவாவிலும் மட்டும் விளைகிற சரக்கு போல அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தார்கள். திருமங்கலம் போகிற வழியில் தோப்பூரில் காசநோய் ஆஸ்பத்திரி இருக்கிறதே, ஒரு காலத்தில் காசநோய் என்றால் அந்த மாதிரி சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதுதான் வைத்தியம். 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, நெரிசலான ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஒரு வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், ஓய்வும் குறைவு, ஆனாலும் நோய் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானது, கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாகத் தொற்றவில்லை. 1959-இல் இந்த முடிவு வெளியான பிறகு உலகமே சானடோரியங்களைக் கைவிட ஆரம்பித்தது. இன்றைக்கு நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிக் கேட்கப் போகும் பாடத்தில் சென்னைக் குடிசைவாசிகளின் நுரையீரலும் ஒரு பாடம்.

மதுரைக்கே வாருங்கள். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி ஓய்வுக்குப் பிறகு 11 படுக்கையோடு ஒரு வீட்டில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை ஹார்வர்டில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி இங்கேயே செய்து விலையைத் தரைக்கு இறக்கினார்கள். அதே வருடம் தொடங்கிய லைக்கோ பயிற்சி நிலையத்துக்குப் பல நாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். சின்ன சொக்கிகுளத்தில் 1985-இல் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் மையம் இருந்தது உள்ளூரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசு நெல்வயலில் முட்டையிடுகிறது, அதனால் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் புழு குறையுமா என்று நம் பக்கத்து வயல்களிலேயே ஆராய்ச்சி செய்தவர்கள் அவர்கள். பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது, தமிழக அரசு 2024-இல் அதைக் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் உலாவுகிற வரப்பில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற மேலூர்க்காரரை விட இதில் யாருக்கு அனுபவம்?

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகளோடு காளவாசல் பக்கம் ஒரு ஏஜென்சிக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஏசி அறை, காபி, மடிக்கணினியில் படம். பிரிட்டனில் இந்தப் படிப்புக்குக் கட்டணம் மட்டுமே பல இடங்களில் 20 ஆயிரம் பவுண்டைத் தாண்டுகிறது, அதாவது 20 லட்சத்துக்கு மேல். தங்க, சாப்பிட, விமானம் எல்லாம் தனி. விசாவோடு மருத்துவக் கூடுதல் கட்டணம் என்று வருடத்துக்கு 776 பவுண்ட் கட்ட வேண்டும், இதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். பார்ட் டைம் வேலை பார்த்தே கடனை அடைத்துவிடலாம் என்றார் அங்கிருந்த தம்பி. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது விசா விதி. 20 மணி நேரச் சம்பளம் லண்டனில் அறை வாடகைக்கே பத்துமா என்று கேட்டேன். ‘அங்கிள், எல்லாரும் சமாளிக்கிறாங்க’ என்றார். வங்கிக்காரர் சமாளிக்க மாட்டாரே தம்பி, அவர் நிலப்பத்திரத்தை அல்லவா கேட்கிறார்.

இன்னொன்று, இது நர்சிங் படித்த பிள்ளைகளுக்கு முக்கியம். பொது சுகாதாரத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டால் அங்கேயே நர்ஸ் வேலை கிடைத்துவிடும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிரிட்டனில் நர்ஸாக வேலை பார்க்க அந்நாட்டு நர்சிங் கவுன்சிலின் தேர்வுகளை எழுதிப் பதிவு பெற வேண்டும். அதற்கு இந்தப் பட்டம் தேவையும் இல்லை, போதவும் போதாது. நர்ஸாகப் போவதுதான் ஆசை என்றால் நேராக அந்த வழியில் போகலாம், 30 லட்சம் கடன் எதற்கு? கல்யாணமானவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜனவரி முதல் இந்த மாதிரி வகுப்பறை முதுகலைப் படிப்புகளுக்குக் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட அழைத்துப் போக முடியாது. படித்து முடித்த பின் அங்கே தங்கி வேலை தேடக் கொடுக்கும் இரண்டு வருடத்தையும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்றரை வருடமாகக் குறைக்கிறார்கள். கட்டுரையில் இதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தத் திறந்திருக்கும் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது, பல நாடுகளின் சுகாதாரத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த யு.எஸ்.எய்ட் என்ற அமெரிக்க அரசு அமைப்பை அதே வருடம் இழுத்து மூடினார்கள். பதினைந்து, இருபது வருட அனுபவம் உள்ளவர்களே வேலை போய்த் தெருவில் நிற்கிறார்கள், உலக சுகாதார நிறுவனமும் ஆட்களைக் குறைத்தது. நேற்று பட்டம் வாங்கிய நம் பிள்ளை அவர்களோடு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். வேலையே கிடைக்காது என்று நான் சாபம் விடவில்லை, ஆனால் இது தெரிந்து போக வேண்டும்.

அக்கா மகளிடம் நான் கேட்டது ஒன்றுதான். ‘ஏத்தா, படிச்சு முடிச்சுத் திரும்பி வந்தா இங்க உனக்கு என்ன வேலைத்தா?’ அவள் சொன்னாள், ‘நீங்க பார்த்த டிபார்ட்மெண்ட்லயே ஏதாவது இருக்கும்ல மாமா?’

இருக்க வேண்டும், ஆனால் இல்லை. இந்தக் கடிதத்தின் விஷயமே இதுதான். பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறை, தனிச் சட்டம் வைத்திருக்கிற மாநிலம் நம்முடையது. சென்னை மாகாணப் பொது சுகாதாரச் சட்டம் 1939-இல் வந்தது. மற்ற மாநிலங்களுக்கு நம்மைத்தான் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். பேறுகால மரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு நாடு முழுக்க 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. இது கிராம சுகாதார செவிலியர்கள் நடந்தே தேய்த்த செருப்பில் வந்த கணக்கு. ஆனால் இந்தத் துறையில் சுகாதார அலுவலர் ஆக எம்.பி.பி.எஸ். வேண்டும். நர்சிங்கோ, புள்ளியியலோ, சமூகவியலோ படித்துவிட்டு அதன் மேல் பொது சுகாதார முதுகலை முடித்து வருபவருக்கு அதிகபட்சம் ஏதாவது ஒரு மத்தியத் திட்டத்தின் கீழ் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம், வருடாவருடம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்ற பயம். இல்லையென்றால் தொண்டு நிறுவனம். அந்தச் சம்பளத்தில் 30 லட்சக் கடனுக்கு வட்டிகூடக் கட்ட முடியாது.

இதை மாற்றச் சொல்வது புதுக் கோரிக்கையும் இல்லை. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையே எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதார மேலாண்மைப் பணிப்பிரிவு வேண்டும், அதில் நர்சிங், சமூகவியல், பொருளாதாரம் படித்தவர்களும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 2022-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதற்கு வழிகாட்டுதலும் வெளியிட்டது. மருத்துவர்கள் சிலர், டாக்டர் இல்லாதவர் கையில் எப்படிக் கொடுப்பது என்பார்கள். அறுவை செய்யச் சொல்லவில்லையே, கணக்கைப் பார்த்து எந்த ஊருக்கு முதலில் ஓட வேண்டும் என்று சொல்லத்தானே கேட்கிறோம். அரவிந்தில் கண் மருத்துவருக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலையில் பெரும்பகுதியைப் பார்ப்பது பிளஸ் டூ முடித்து அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். டாக்டர் டாக்டர் வேலையை மட்டும் பார்க்கிறார், அதனால்தான் அத்தனை அறுவை சிகிச்சை நடக்கிறது. இதை உலகம் படிக்கிறது, அடுத்த தெருவில் இருக்கிற அரசு அலுவலகம் படிக்கவில்லை.

மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒருவர், நிரந்தரப் பணியிடம், தேர்வாணையம் மூலம், பொது சுகாதார முதுகலை கட்டாயத் தகுதி. முதலில் இவ்வளவு போதும். சேடபட்டி ஒன்றியத்துக்காரருக்கு அந்த ஒன்றியத்தின் காய்ச்சல், பாம்புக்கடி, காசநோய், கர்ப்பிணிகளின் ரத்தசோகை எல்லாம் விரல் நுனியில் இருக்கும், உட்கார்ந்து யோசிக்க நேரமும் இருக்கும். வட்டார மருத்துவ அலுவலருக்கு அந்த நேரம் கிடையாது, புறநோயாளிகளைப் பார்த்து, கூட்டத்துக்கு ஓடி, அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அதுவரை படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் என்ன செய்வது? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1997 முதலே எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுகலை இருக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவியல் நிலையம் இருக்கிறது, மும்பை டாட்டா சமூக அறிவியல் நிலையம், புதுச்சேரி ஜிப்மர் எல்லாவற்றிலும் இந்தப் படிப்பு உண்டு. செலவு வெளிநாட்டில் ஆவதில் ஒரு சிறு பங்குதான். கொசு, பூச்சியில் ஆர்வம் என்றால் புதுச்சேரியில் அதற்கென்றே எம்.எஸ்சி. இருக்கிறது. நமக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க, தேசிய நோய்ப்பரவியல் நிலையத்துக்காரர்கள் நடத்தும் ஆரம்பப் பாடங்களை என்.பி.டி.இ.எல். என்ற மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், அக்கா மகள் இப்போது ராத்திரி டியூட்டி இல்லாத நாட்களில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளிநாடுதான் வேண்டும் என்றால் கடனுக்கு முன்னால் உதவித்தொகைக்கு முயலட்டும். பிரிட்டன் அரசின் செவனிங் முழுச் செலவையும் ஏற்கிறது, ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்துவிட்டு இரண்டு வருடமாவது நம் நாட்டில் வந்து இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசே வெளிநாட்டு மேற்படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. இதையெல்லாம் ஏஜென்சியில் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அதில் கமிஷன் கிடையாது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படிப்பை வெளிநாட்டில் முடித்துவிட்டு மதுரை, தேனி, விருதுநகர், திண்டுக்கல் பக்கம் திரும்பி வந்தவர்களை உங்கள் நிருபர்களை விட்டுத் தேடிப்பிடியுங்கள். கடன் எவ்வளவு பாக்கி, என்ன வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேட்டு எழுதுங்கள். சட்டமன்றத்தில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வரும்போது எங்கள் மாவட்ட உறுப்பினர்கள் யாராவது எழுந்து, பொது சுகாதார முதுகலை படித்த மருத்துவர் அல்லாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் எத்தனை நிரந்தரப் பணியிடம் என்று கேட்கட்டும். அமைச்சர் சொல்கிற எண்ணை முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்.